சனிக்கிழமை நார்வேஜிய எழுத்து வகுப்பு: வேதாளையிலிருந்து ஆறு மாத அனுபவம்

முதல் வாரக் கட்டுரை 120 சொல். அதில் நான் போட்டிருந்த காற்புள்ளி 17. திருத்தி வந்த தாளில் 14 காற்புள்ளிகள் சிவப்பில் அடிபட்டிருந்தன. நான் போடாமல் விட்ட 5 இடங்களில் பச்சைப் பென்சிலால் புதிதாகக் காற்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. இந்த வகுப்பு எப்படி என்று யார் கேட்டாலும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.

என் ஊர் வேதாளை, ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில். மீன்வளம் படித்துவிட்டு, கடலில் மிதவைக் கூண்டு போட்டுக் கடல் விரால் வளர்க்கும் ஒரு குழுவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் நார்வேயின் மேற்குக் கரைக்கு, சால்மன் பண்ணை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். நானும் அங்கே போய் அதே துறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். பண்ணையில் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டிய பதிவேடு நார்வேஜிய மொழியில் இருக்கிறது. எவ்வளவு தீவனம் போட்டோம், எத்தனை மீன் செத்தது, வலையில் எங்கே கிழிசல் என்று எழுதி வைப்பதைப் படித்துத்தான் அடுத்த ஆள் கூண்டுக்குப் போவார். தப்பாக எழுதினால் தப்பாகத்தான் வேலை நடக்கும். அதனால் பேச்சு ஓரளவு வந்த பிறகு எழுத்துக்கென்று தனியாக ஒரு வகுப்பு தேடினேன்.

அதற்கு முன் எட்டு மாதம் கைபேசிச் செயலி ஒன்றில் படித்தேன். சொற்கள் நன்றாகவே ஏறின. ஆனால் காற்புள்ளி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் செயலி 'சரி' என்றே சொல்லும். எட்டு மாதமும் என் தவறு எனக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

வகுப்பு நடத்துபவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய், முப்பது வருடத்துக்கு மேலாக நார்வேயில் இருக்கும் ஓர் அக்கா. பெரிய நிறுவனம் எதுவும் கிடையாது, அவர் ஒருவர்தான். நிறையோடு குறையையும் சொல்லப்போவதால் இங்கே பெயர் போடவில்லை. ஜூலை தொடங்கி டிசம்பர் வரை இணையத்தில் 24 வகுப்புகள், சனிக்கிழமைதோறும் 75 நிமிடம். மாதம் 1,500 ரூபாய். ஒரு தொகுதிக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எங்கள் தொகுதியில் பரமக்குடியிலிருந்து ஒரு செவிலியர், கப்பலில் வேலை பார்க்கும் தொண்டித் தம்பி ஒருவர், ஏற்கெனவே ஜெர்மன் படித்திருந்த திருச்சிப் பெண், சென்னையிலிருந்து ஒரு மென்பொருள்காரர், நான். வாரம் ஒரு கட்டுரை எழுதி, கையெழுத்துத் தாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தட்டச்சு செய்து அனுப்பினால் வாங்க மாட்டார். மூன்று நாளில் சிவப்பும் பச்சையுமாகத் திரும்பி வரும்.

அந்த முதல் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மீன்பிடித் தடைக்காலம். 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை' என்று தமிழில் மனத்துக்குள் ஓடியது. 'வரை' என்ற இடத்தில் மூச்சு நிற்கிறது, அங்கே ஒரு காற்புள்ளி. அதை அப்படியே 'ஃப்ரா 15. அப்ரில் டில் 14. யூனி' என்று எழுதி, பின்னால் காற்புள்ளி போட்டு, மீதியைத் தொடர்ந்தேன். (தேதி எண்ணுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். நாம் 'ஆம்' சேர்ப்பதுபோல அந்தப் புள்ளி.) சிவப்பில் அடிபட்ட முதல் காற்புள்ளி அதுதான்.

அக்கா அன்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "பிள்ளை, நீர் மூச்சு விடுற இடத்திலை எல்லாம் கமா போட்டிருக்கிறீர். நோர்வேக்காரரும் அந்த இடத்திலை மூச்சு விடுவினம். ஆனா கமா போடமாட்டினம்."

நமக்குப் பள்ளிக்கூடத்தில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயரிலேயே கால், அரை, முக்கால், முழுமை என்று அளவு இருக்கிறது. நாவும் மூச்சும் அளந்த அளவு அது. ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று மெய்யெழுத்துக்குரிய புள்ளியைக்கூட வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அச்சு வந்த பிறகு ஐரோப்பியக் குறிகளை எடுத்துக்கொண்டோம், அவற்றை வாய்விட்டுப் படிக்கும் நம் பழக்கத்தோடு பொருத்திக்கொண்டோம். ஆங்கிலமும் இதில் நமக்கு ஒத்தாசையாக இருக்கிறது. 'நேற்று' என்று தொடங்கிவிட்டு ஆங்கிலத்தில் காற்புள்ளி போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நார்வேஜிய மொழியில் அந்த இடத்தில் காற்புள்ளி தவறு. காரணத்தை அக்கா ஒரு வகுப்பு முழுக்கச் சொன்னார். முழு வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில்தான் உட்கார வேண்டும். முதலிடத்தில் 'நேற்று' வரலாம், 'மண்டபத்தில்' வரலாம், 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை' என்ற முழுத் தொடரும் வரலாம். எது வந்தாலும் அது ஓர் இருக்கை, அடுத்த இருக்கை வினைக்கு. இரண்டையும் பிரித்து நடுவே காற்புள்ளி வைக்க இடமில்லை. வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு இந்த இரண்டாவது இருக்கை பிடிபடவே மூன்று வாரம் ஆனது.

ஆனால் முதலிடத்தில் ஒரு முழுச் சார்பு வாக்கியம், அதாவது பெரிய வாக்கியத்துக்கு உள்ளே நிற்கும் சிறு வாக்கியம், வந்து உட்கார்ந்தால் காற்புள்ளி கட்டாயம். 'நோர் விந்நென் ப்ளோசெர் ஃப்ரா வெஸ்ட், கோர் இக்கெ போட்டெனெ ஊட்.' மேற்கிலிருந்து காற்று வீசும்போது படகுகள் வெளியே போவதில்லை. எங்கள் ஊரில் கச்சான் அடித்தால் கடலுக்குப் போவதில்லை என்போமே, அதுதான். இதையே திருப்பிப் போட்டு, படகுகளை முதலில் சொல்லி 'நோர் விந்நென்' என்று பின்னால் தொடர்ந்தால் காற்புள்ளியே இல்லை. அதே இரண்டு துண்டு, அதே பொருள். ஒன்றில் கட்டாயம், மற்றதில் கூடாது.

இது எனக்கு வெறும் சட்டமாகத் தெரிந்தவரை மனத்தில் நிற்கவில்லை. ஐந்தாவது வாரத்து வகுப்பில்தான் புரிந்தது. அதற்குக் காரணம் அந்தத் திருச்சிப் பெண். அவர் 'அட்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் காற்புள்ளி போட்டுக்கொண்டே இருந்தார். 'யாய் வெட் அட் ஹான் கொம்மெர்', அவன் வருகிறான் என்று எனக்குத் தெரியும். ஜெர்மனில் இதே வாக்கியத்தில் சார்பு வாக்கியம் தொடங்கும் இடத்தில் காற்புள்ளி வைத்தே ஆக வேண்டும். டேனிய மொழியில் அந்தத் தொடக்கக் காற்புள்ளியை வைக்கலாம், விடலாம், எழுதுபவர் இஷ்டம், ஆனால் ஒரே முறையைக் கடைசிவரை பிடிக்க வேண்டும். ஸ்வீடிஷில் இன்னும் தளர்வு, தெளிவுக்குத் தேவையென்றால் வைப்பார்கள். நார்வேஜிய மொழியில் அந்த இடத்தில் வைக்கவே கூடாது. அக்கம்பக்கத்து மொழிகள், ஒரே குடும்பம், ஒரு காற்புள்ளிக்கு நான்கு விதமான நியாயம்.

அன்று அக்கா எல்லோரையும் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னார். 'அவன் வருகிறான் என்று எனக்குத் தெரியும்.' பிறகு கேட்டார்: "இதிலை உள் வாக்கியம் எங்கை முடியுது?" 'என்று' வந்ததும் முடிகிறது. "எங்கை தொடங்குது?" அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. பிறகு நார்வேஜிய வாக்கியத்தைக் காட்டி அதே இரண்டு கேள்வி. அங்கே தொடக்கத்துக்கு 'அட்' என்ற சொல் இருக்கிறது. முடிவுக்கு ஒன்றும் இல்லை.

தாளை வைத்துக்கொண்டு அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். தமிழில் 'என்று', 'ஆல்', 'போது', 'ஆமல்' எல்லாமே உள் வாக்கியத்தின் வாலில் வருகின்றன. வந்தால், வரும்போது, வராமல். கதவைச் சாத்தும் சொல் நம்மிடம் இருக்கிறது. அவர்களிடம் 'அட்' (என்று), 'விஸ்' (ஆல்), 'நோர்' (போது), 'சொம்' (எது, யார்) என்று திறக்கும் சொற்கள் இருக்கின்றன, சாத்தும் சொல் இல்லை. அந்த வேலையைத்தான் காற்புள்ளி செய்கிறது. சார்பு வாக்கியம் முடிந்து, பெரிய வாக்கியம் இன்னும் மிச்சம் இருந்தால் அந்த முடிவில் காற்புள்ளி. வாக்கியமே அங்கு முடிந்துவிட்டால் முற்றுப்புள்ளி சாத்திவிடும், காற்புள்ளிக்கு வேலை இல்லை. திறக்கும் இடத்தில் சொல்லே இருப்பதால் அங்கேயும் தேவையில்லை. நார்வேஜியக் காற்புள்ளியை 'என்று' என்று நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். ஆறாம் வாரக் கட்டுரையில் சிவப்பு 14லிருந்து 4ஆகக் குறைந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே 9,000 ரூபாயும் தகும் என்பேன்.

மற்ற விதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். 'மென்', அதாவது 'ஆனால்', வந்தால் அதற்கு முன் எப்போதும் காற்புள்ளி. 'ஓ', அதாவது நம் 'உம்', இரண்டு முழு வாக்கியங்களை இணைத்தால் முன்னால் காற்புள்ளி, இரண்டாவதில் எழுவாயைச் சொல்லாமல் விட்டால் வேண்டாம். பட்டியல் போடும்போது கடைசிப் பொருளுக்கு முன்னால் 'ஓ' வரும், அங்கே காற்புள்ளி கிடையாது. 'மீனும் நண்டும் இறாலும்' என்று எழுதும் நமக்கு இது கஷ்டமே இல்லை.

எட்டாவது வாரத்து வகுப்பு என் அப்பாவுக்குச் சொந்தம் என்றே சொல்ல வேண்டும். அப்பா ராமநாதபுரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 34 வருடம் பத்திரம் எழுதியவர். கிரயப் பத்திரத்தின் நடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இன்ன தாலுகா இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் ஆகிய தங்களுக்கு, இன்னார் ஆகிய நான் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால் என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் தாண்டியும் ஒரே வாக்கியமாகப் போகும். அப்பா கையெழுத்தில் எழுதிய பழைய பத்திர நகல்களில் காற்புள்ளி ஒன்றுகூட இருக்காது. சிறு வயதில் அதை நான் தவறென்று நினைத்திருந்தேன்.

அன்று வகுப்பு நடந்தபோது அப்பா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு பழைய எடுத்துக்காட்டைச் சொன்னார். நார்வேயில் பலருக்கும் தெரிந்தது. 'ஹெங் ஹம் இக்கெ வென்ட் டில் யாய் கொம்மெர்' என்று காற்புள்ளியே இல்லாமல் ஓர் உத்தரவு. 'இக்கெ' என்பது எதிர்மறைச் சொல். அதற்குப் பின்னால் காற்புள்ளி வைத்தால், அவனைத் தூக்கிலிடாதே, நான் வரும்வரை காத்திரு. அதற்கு முன்னால் வைத்தால், அவனைத் தூக்கிலிடு, நான் வரும்வரை காத்திருக்காதே. ஒரு புள்ளி நகர்ந்தால் ஓர் உயிர் போகும்.

அப்பா பின்னாலிருந்து கேட்டார்: "ஏம்மா, தமிழ்ல இதுக்கு ஏது ஆபத்து? 'தூக்கிலிடாதே'ன்னு எழுதிட்டா எவன் பிரிக்க முடியும்?" உண்மைதான். நம் எதிர்மறை வினைக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. அதைத் தனியாகக் கழற்றி அடுத்த வினையோடு மாட்ட முடியாது. அக்கா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, "ஐயா இன்னொருக்கா சொல்லுங்கோ" என்றார். அப்போதுதான் அப்பா தன் பத்திரங்களில் ஏன் காற்புள்ளி இல்லை என்று முதல்முறையாகச் சொன்னார். "கால்புள்ளிய எவனும் பின்னால வச்சிரலாம்த்தா. ஒரு பேனா முனை போதும். ஒரு 'உம்'ம உள்ள நுழைக்க எடம் இருக்காது." எல்லையும் உரிமையும் எழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், குறியை நம்பக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவது, வரிக்கு வரி இடைவெளி விடாமல் நிரப்புவது எல்லாம் அதே காரணத்துக்காக.

ஆனால் அதே வகுப்பின் பின்பாதியில் அப்பாவே வியந்துபோன ஓர் இடம் வந்தது. 'சொம்' என்ற சொல். ஆங்கிலத்தில் எது, யார் என்று வரும் இணைப்புச் சொல்லின் வேலை அதற்கு. 'ப்ரூரென் மின் சொம் பூர் இ மதுரை, ஏர் லேரெர்.' மதுரையில் இருக்கும் என் அண்ணன் ஆசிரியர். காற்புள்ளி ஒன்றே ஒன்று, 'மதுரை'க்குப் பின்னால். இப்படி எழுதினால் எனக்கு வேறு அண்ணன்மாரும் உண்டு, அவர்களில் மதுரையில் இருப்பவர் ஆசிரியர் என்று பொருள். 'சொம்'முக்கு முன்னாலும் ஒரு காற்புள்ளி சேர்த்து இரண்டாக்கினால் எனக்கு ஒரே அண்ணன்தான், அவர் மதுரையில் இருக்கிறார் என்பது கூடுதல் தகவல். அந்த முதல் காற்புள்ளியைப் பார்த்தே ஒரே அண்ணனா, பல அண்ணன்மாரா என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழில் 'மதுரையில் இருக்கும் என் அண்ணன்' என்றால் இரண்டும்தான். நம் பெயரெச்சத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'வடக்குத் தெருவில் எனக்குப் பாத்தியப்பட்ட வீடு' என்று எழுதும்போதெல்லாம் இந்தச் சிக்கல் தனக்கு வந்திருக்கிறது என்றார். அந்தத் தெருவில் விற்பவருக்கு ஒரே வீடா, பலவற்றில் ஒன்றா? அதற்காக 'மேற்படி தெருவில் எனக்குள்ள ஒரே வீடாகிய' என்று சேர்த்து எழுதுவாராம். மூன்று நான்கு சொற்களால் அவர் கட்டிய வேலியை அவர்கள் ஒரு குறியால் கட்டுகிறார்கள். "ஆனா அந்தக் குறிய எவனும் பின்னால வச்சிரலாமே" என்றும் சொன்னார். அதற்கு அக்காவிடம் பதில் இல்லை. நானும் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்களில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளிதான். மூன்றரை கிலோ என்றால் 3,5. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள்: 1 250. பத்தாம் வாரப் பயிற்சி, ஒரு நாள் தீவனப் பதிவு. கூண்டு ஒன்றுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ என்பதை நான் நம் வழக்கப்படி 1,250 என்று எழுதினேன். அக்கா சிவப்பில் வட்டமிட்டு, 'ஒன்றேகால் கிலோவில் உம்மடை மீன் பட்டினி' என்று எழுதியிருந்தார். கையெழுத்துத் தாளைத்தான் கேட்பேன் என்று அவர் பிடிவாதமாக இருப்பதன் அருமை அன்று தெரிந்தது. தட்டச்சில் கணினியே வடிவத்தை மாற்றிவிட்டிருக்கும், எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வாக்கிய நடைக்கு அவர் எடுத்துக்கொண்ட பாடப்பொருள் நகராட்சி அனுப்பும் சாதாரணக் கடிதங்கள். பெயர், முகவரி எல்லாம் மறைத்துக் காட்டுவார். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிடும், காரணம் பின்னால். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அவர்கள் மொழிச் சட்டம், அரசு அலுவலகங்கள் தெளிவான, பிழையற்ற, படிப்பவருக்குப் பொருந்தும் மொழியில் எழுத வேண்டும் என்கிறது. எழுத்து விதிகளைப் பார்க்கும் ஸ்ப்ரோக்ரோடெ என்ற மொழி மன்றம் அதற்குத் துணை நிற்கிறது. எல்லோரையும் 'டூ' என்று ஒருமையில் அழைத்தே எழுதுவார்கள், மரியாதைப் பன்மை வழக்கொழிந்துவிட்டது. முன்பின் தெரியாத அலுவலருக்கு 'நீ' என்று எழுத என் கை இன்னும் தயங்குகிறது.

நமக்குப் பழக்கமான நடை 'எழுந்து, முகம் கழுவி, வலையைத் தூக்கிப் பார்த்து, செத்த மீனை எடுத்துவிட்டு, தீவனம் போட்டேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டு போவது. ஒரு வினைமுற்றுக்கு முன்னால் எத்தனை எச்சம் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கும். என் பதிவேட்டுப் பயிற்சிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, ஒரு நாள் வேலை ஒரே வாக்கியத்தில். அக்கா அதை ஐந்தாக உடைத்தார். உடைத்த பிறகு படித்தால் எனக்கு அது குழந்தை எழுதியதுபோல இருந்தது, சொன்னேன். அதற்கு அவர், அதிகாலை நாலு மணிக்குக் குளிரில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறவருக்காக எழுதுகிறீர் என்பதை நினையும் என்றார். அந்த நிமிடமே ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நம் எச்ச வரிசைக்கு உள்ள ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாகக் கை வேலை செய்வதைக் காட்டும் அந்த ஓட்டம், ஐந்து துண்டில் வராது. பதிவேட்டுக்கு அவர்கள் நடை, வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு நம் நடை என்று வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு விஷயம், வகுப்பில் அக்கா போகிற போக்கில் சொன்னது. 1620இல் டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியபோது டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரே அரசர். 1814 வரை அந்தப் பிணைப்பு இருந்தது, அதுவரை நார்வேயில் எழுதியதும் டேனிய மொழியில்தான். பின்னால் அதே அரியணைக்கு வந்த இன்னோர் அரசரின் ஆதரவில் வந்த கிறிஸ்தவ மிஷன் 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துகளை அச்சிட்டது. கல்லூரிச் சுற்றுலாவில் அந்தக் கோட்டைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் மண்டபத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952இல் கையெழுத்தான இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் கொல்லத்துக்குப் பக்கம் நீண்டகரையில் தொடங்கி, 1960களில் மண்டபம் வரை வந்தது. கரையில் வயதானவர்கள் நார்வே என்ற பெயரைக் கேட்டால் வெளிநாட்டு வேலையை நினைப்பதற்கு முன் படகை நினைப்பது அதனால்தான்.

இனிக் குறைகள். இவற்றையும் அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, நேரம். கோடைக்கால நேரத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், வகுப்பு நமக்கு மாலை 7.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினால் அது நாலரை மணி ஆகிவிடும், வகுப்பு இரவு 8.30க்குப் போய்விடும். இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் பரமக்குடி அக்காவும் 7.30க்கு உட்கார்ந்து 8.15 வரை காத்திருந்து, வகுப்பு இல்லை என்று எழுந்து போய்விட்டோம். ஒரு வகுப்பு வீண். பணத்தைவிட, அன்று நடந்த பாடம் எது என்று நினைத்துப் பாருங்கள்: மேற்கோளுக்குள் காற்புள்ளி. இன்றும் எனக்கு அதில் தடுமாற்றம்.

டிசம்பரில் திருத்தம் மிகவும் தாமதம். மூன்று நாளில் வர வேண்டிய தாள் 19 நாள் கழித்து வந்தது. ஒருவரே எல்லாம் செய்வதால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று ஆள் இல்லை. இது சேருமுன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. வகுப்பு முழுக்கப் பூக்மோல் என்ற எழுத்து வடிவத்தில்தான். நார்வேயில் நீநொஷ்க் என்ற இன்னொரு எழுத்து வடிவமும் சம உரிமையோடு இருக்கிறது, மேற்குக் கரையில் பல நகராட்சிகளில் அதுதான் வழக்கு. என் வீட்டுக்காரர் இருக்கும் இடமும் அப்படி. காற்புள்ளி விதிகள் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் படித்தது வீணாகவில்லை. ஆனால் சொல் வடிவங்கள் வேறு, அங்கிருந்து அவர் அனுப்பும் அறிவிப்புகளைப் படிக்க நான் திணறுகிறேன். கடைசி நான்கு வகுப்பையாவது அதற்கு ஒதுக்கியிருக்கலாம். மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் சேருமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கணச் சொற்கள் எல்லாம் நார்வேஜிய மொழியிலேயே வருகின்றன. 'லெட்செட்னிங்' என்றால் சார்பு வாக்கியம், 'ஹேல்செட்னிங்' என்றால் முழு வாக்கியம் என்று நானே ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டேன். அதைத் தொகுதியில் எல்லோருக்கும் அனுப்பினேன், அக்காவும் வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி இந்த வகுப்பில் இல்லை. தேர்வுக்கு மட்டும் தயாராக வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. மொழியை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கும் சரிவராது, கைவசம் ஐந்நூறு அறுநூறு சொல்லாவது இருக்க வேண்டும். எழுத்து வேலைக்காகப் போகிறவர்களுக்கு, குறிப்பாக ஆங்கிலப் பழக்கத்தோடு நார்வேஜியன் எழுதத் தொடங்கி எங்கே தவறு என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, யோசிக்காமல் சொல்வேன்: சேருங்கள்.

எங்கள் பக்கத்துச் சிரமம் ஒன்று, அது அக்காவின் குறை இல்லை. நவம்பரில் வாடைக்காற்று ஏறினால் வேதாளையில் மின்சாரம் போவதும் இணையம் விடுவதும் சாதாரணம். மூன்று வகுப்பு பாதியில் அறுந்தது. மறுநாள் அக்கா அரை மணி நேரம் தொலைபேசியில் விட்ட இடத்தைச் சொல்லிக் கொடுத்தார், தனிப் பணம் வாங்கவில்லை.

24ஆம் வாரக் கட்டுரை ஒரு கடிதம். பண்ணை மேலாளருக்கு, இங்கே கூண்டில் கடல் விராலுக்கு நாங்கள் தீவனம் போடும் முறையை விளக்கி எழுதச் சொன்னார். மண்டபத்தில் 2010இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவில் முதல்முறையாக அதைக் குஞ்சு பொரிக்கவைத்ததிலிருந்து தொடங்கி, 200 சொல் எழுதினேன். திரும்பி வந்த தாளில் சிவப்பு மூன்றே இடத்தில். ஒன்று, 'சொம்'முக்கு முன்னால் தேவையில்லாத காற்புள்ளி. இன்னொன்று எழுத்துப்பிழை. மூன்றாவது கடைசி வரியில். 'மெட் வென்லி ஹில்சென்' என்று முடித்து, 'இப்படிக்கு' எழுதிய பழக்கத்தில் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு, கீழே என் பெயரை எழுதியிருந்தேன். அங்கே அவர்கள் காற்புள்ளி வைப்பதில்லை. அப்பா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று சிவப்பையும் விரல் வைத்துப் பார்த்தார். ஜூலையில் வந்த முதல் தாளையும் எடுத்துவரச் சொன்னார்.